கொல்லிமலையும் பிராண்டு குடும்பத்து வரலாறுகளும்

கொல்லிமலை தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. கபிலரும் பரணரும் பாடிய மலை அது. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. காற்று மோதினும், மழை கடுகினும், இடி வீழினும், நிலமே நடுங்கினும் தன் வடிவு குன்றாத பாவை நின்ற மலை என்று நற்றிணை 201-ஆம் பாட்டு அதனைப் போற்றும். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூற்று 209-ஆம் பாட்டால் அறிகின்றோம். இவையெல்லாம் வகுப்பறைகளிற் பன்முறை சொல்லப்படுவன. ஆயின் ஓரி வீழ்ந்தபின் அம்மலையில் யார் உழுதனர், யார் நோயுற்றனர், யார் மருந்து கொடுத்தனர் என்னும் வினாக்களை இலக்கிய ஆராய்ச்சியாளராகிய நாம் பெரும்பாலும் வரலாற்றாசிரியர்க்கே விட்டுவிட்டோம். பாவையைத் தேடிய அளவு பாவையின் மலையில் வாழும் மாந்தரைத் தேடினோமல்லேம்.

அம்மாந்தர் மலையாளி எனப்படுவர். ஈண்டு இச்சொல் கேரள மக்களைக் குறியாது; சேலம், நாமக்கல் பகுதி மலைகளில் வாழும் ஒரு குடியின் பெயர். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர் சேர்வராயன், கொல்லி, பச்சை என்னும் மலைகளிற் பிரிந்து தங்கினர் என்றும் அவர்கள் கூறும் வழக்கைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட குலங்கள், குடிகள் பற்றிய தொகுதிகளிற் காணலாம். இது செவிவழிச் செய்தியே, கல்வெட்டுச் சான்றன்று. எனினும் காஞ்சிப் பகுதியில் இன்று ஊர்ப்பெயராக வழங்கும் படப்பை என்னும் சொல், சங்க நூல்களில் மனையடுத்த தோட்டநிலத்தைக் குறிப்பது நினைக்கத்தக்கது. படப்பையும் கழனியும் கொண்டு கீழ்நாட்டில் வாழ்ந்தோரே மலையேறி அடுக்குவயல் அமைத்தனர் என்பது அவ்வழக்கின் உட்கிடை. அவ்வயல்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

இருபதாம் நூற்றாண்டில் கொல்லிமலையைப் பற்றி இரண்டாவதோர் இலக்கியம் எழுந்தது. அது தமிழில் எழுந்ததன்று; ஆங்கிலத்தில் எழுந்தது. ஜெஸ்ஸி பிராண்டு, எவலின் பிராண்டு என்னும் கிறித்தவ ஊழியர் இருவரின் வாழ்வும், அவர்தம் மகனார் அறுவை மருத்துவர் பால் பிராண்டின் நினைவுகளுமே அதன் பொருள். டோரத்தி கிளார்க் வில்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் மகனைப் பற்றி 1965-இல் ஒரு நூலும், தாயைப் பற்றி 1976-இல் ஒரு நூலும் எழுதினார். பால் பிராண்டு பிலிப் யான்சியொடு சேர்ந்து 1980 முதல் 1993 வரை எழுதிய நூல்களிலும் மலைநாள் நினைவுகள் இடையிடையே வருகின்றன. இவற்றுள் மலை எவ்வாறு காணப்படுகின்றது, மலையோர் எவ்விடத்துப் பேசுகின்றனர் என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

வாழ்க்கைச் செய்திகளைச் சுருங்கச் சொல்லலாம். கட்டடத் தொழில் அறிந்தவரான ஜெஸ்ஸி 1907-இல் இந்தியாவிற்கு வந்தார். புறப்படுமுன் வெப்பநாட்டு நோய்கள் பற்றி இலண்டனில் ஓராண்டு பயின்றிருந்தார். மருத்துவப் பட்டம் பெற்றாரல்லர். எவலின் இலண்டனிற் செல்வக் குடியிற் பிறந்து ஓவியம் கற்றவர். 1913-இல் இருவரும் மணந்து கொல்லிமலையில் வாழவந்தி என்னுமிடத்திற் குடியேறினர். 1914-இல் பால் பிறந்தார். ஜெஸ்ஸி 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். எவலின் ஏறத்தாழ எழுபதாம் வயதில், தம்மை ஓய்வுறுத்திய சங்கத்தினின்று விலகி மீண்டும் மலையேறி, கல்வராயன் முதலிய பிற மலைகளுக்கும் சென்று பணிபுரிந்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

ஜெஸ்ஸியைக் கொன்ற நோய் மலைக்காய்ச்சலின் கொடிய வடிவம். குறுந்தொகை 89-ஆம் பாட்டிற் பரணர் கொல்லியை அச்சம் மிக்க மலை என்று குறிப்பார். அவ்வச்சம் தெய்வத்தால் வந்தது என்பது உரைகாரர் கொள்கை. அதனை யான் மறுக்கவில்லை. ஆயினும் அண்மைக்காலம் வரை கீழ்நாட்டார் இம்மலையை அஞ்சியதற்குக் காய்ச்சலும் ஒரு காரணம். ஊழியர் வரலாறுகளில் இவ்வச்சமே முதன்மை பெறுகின்றது. ஏற்றம், காய்ச்சல், தனிமை, இவற்றை வென்ற நம்பிக்கை என்பதே அவற்றின் கதையமைப்பு. படிப்போர் கடல் கடந்த நாட்டினர். அவர்க்கு மலை ஒரு சோதனைக்களம். ஆகலின் மலையிற் பிறந்து மலையிலேயே வாழ்ந்தவன் காட்சியின் ஓரத்தில் நிற்கின்றான். வில்சன் அம்மையார் புதினம் போல உரையாடல் புனைந்து எழுதுபவர். நடை விறுவிறுப்பானது, படிப்போர் நூலைக் கீழே வையார். ஆனால் கொல்லிமலைக் கிழவர் பிழையற்ற ஆங்கிலத்திற் பேசும் பக்கங்களைத் தமிழர் படிக்குங்கால், பேசுவது கிழவரல்லர், ஆசிரியரே என்பது உடனே புலனாகும்.

இவ்வரலாறுகளின் நடுநாயகமாக நிற்பது பூசாரியின் கதை. ஆண்டுகள் பல சென்றும் ஒருவரும் கிறித்தவ சமயத்திற் சேர்ந்திலர். சேரவிடாது தடுத்தவர் ஊர்ப்பூசாரி. முதல் உலகப்போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் மலையிலும் புகுந்தது. பிராண்டு இணையர் கஞ்சி காய்ச்சி வீடுதோறும் கொண்டு சென்று ஊட்டினர். பூசாரியும் அவர் மனைவியும் நோயிற் கிடந்தபோது உறவினரும் அணுக அஞ்சினர். ஜெஸ்ஸி சென்று பேணினார். இறக்குந் தறுவாயிற் பூசாரி தம் மக்களை இவர்களிடமே ஒப்படைத்தார். பெண் குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தனர். அதன்பின் மலையோர் சிலர் அச்சமயத்தைத் தழுவினர்.

இச்செய்தி நெஞ்சை உருக்குவது, ஐயமில்லை. தொற்றுநோய்க் காலத்தில் உறவும் கைவிட்ட வீட்டிற்குள் நுழைதல் எளிய செயலன்று. சமயம் பரப்பும் நோக்கம் அவர்க்கு இருந்தது. அதனை அவர் மறைத்ததும் இல்லை. மறைக்கப்படாத ஒன்றைக் கண்டுபிடித்தவர்போல எழுதுவது திறனாய்வாகாது. யான் கேட்பது வேறு. இந்நூல்களைப் படித்து முடித்தார் நினைவிற் பூசாரியின் பெயர் நிற்பதில்லை. ரூத் என்னும் பெயரே நிற்கின்றது. அப்பூசாரி எத்தெய்வத்திற்குப் பூசை செய்தார்? நோயாளர்க்கு என்ன செய்துவந்தார்? எதனால் அந்நியரை அஞ்சினார்? கதை இவற்றை வேண்டுவதில்லை. தடையாக நின்று, பின் தளர்ந்து, இறந்தால் போதும்.

இவ்விடத்துச் சங்க இலக்கியத்தின் வெறியாட்டினை ஒப்புநோக்கலாம். தலைவி மெலிகின்றாள், தாய் வேலனை அழைக்கின்றாள், வேலன் முருகு அணங்கியது என்கின்றான். மெய்க்காரணம் தலைவியும் தோழியும் மட்டுமே அறிவர். வேலன் கூறுவது பிழையே. நற்றிணை 34-ஆம் பாட்டில் தோழி முருகனையே நோக்கி, தெய்வமாயினும் நீ அறியாமை உடையை என்னும் பொருள்படச் சொல்லத் துணிகின்றாள். ஆயினும் அப்பாடல்களில் வேலன் பகைவன் அல்லன். அவனும் அக்குன்றத்துச் சிறுகுடியின் ஒருவன். அவன் கூற்று பிழைத்தாலும் அவன் வீழ்வதில்லை. மறுநாளும் அவன் அவ்வூரிலேயே இருப்பான். நோயின் காரணத்தைத் தவறாக அறிந்தவனை என் செய்வது என்னும் வினாவிற்குச் சங்கப்புலவர் நகையை விடையாகத் தந்தனர். ஊழியர் வரலாற்றாசிரியர் மனமாற்றத்தை விடையாகத் தந்தனர். நோயின் வன்மையும் இரண்டிடத்தும் ஒன்றன்று. காதல்நோய் வேறு, கொள்ளைநோய் வேறு. இவ்வேற்றுமையை மறந்து ஒன்றனை மட்டும் உயர்த்திப் பேசுதல் நேர்மையன்று. எனினும் பூசாரியை ஒரு மனிதராக நிறுத்தும் கலையில் நம் பழம்புலவரே வல்லவர் என்பது என் துணிபு.

இனி, பால் பிராண்டு தாமே கண்டு சொல்லும் பகுதிகள் வேறு தரத்தன. அவர் 9 வயது வரை மலையில் வளர்ந்தார். 1923-இற் படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். தந்தையார் இறந்த செய்தி தந்தியில் வந்த பின்னும், அவர் முன்னரே எழுதிய மடல்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன என்று அவர் கூறுவது புனைவால் எய்தவியலாத துயரம். தந்தையார் நரம்புச் சிலந்தி நோய்க்குச் செய்த மருத்துவம் அவர் நினைவில் நன்கு பதிந்திருந்தது. கால் புண்ணினின்று வெளிப்படும் புழுவை ஒரு குச்சியிற் சுற்றிச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். விரைந்து இழுத்தால் அறும். அறுந்தால் உள்ளே எஞ்சியது சீழ்கொண்டு வருத்தும். புழு இரண்டு அல்லது மூன்றடி நீளமும் இருத்தல் கூடும்; ஆகலின் நாட்கள் பல வேண்டும்.

இந்நோயின் பெயர் நம் ஆராய்ச்சிக்கு உரியது. சிலந்தி என்பது இங்குப் பூச்சியைக் குறியாது. கட்டியை, புண்ணைக் குறிக்கும். நரம்பு போன்றதொன்று வெளிவரும் புண் என்பது பெயரின் பொருள். பெயரிட்டோர் கண்ணாற் கண்டதைக் கூர்மையாகக் கண்டுள்ளனர். ஆனால் புண்ணுற்ற காலோடு கிணற்றில் இறங்குவோரால் புழுவின் குஞ்சுகள் நீரிற் பரவுகின்றன. நீரிலுள்ள நுண்ணுயிர் அவற்றை விழுங்குகின்றது. அந்நீரைப் பருகினார்க்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் புண் தோன்றுகின்றது. ஓராண்டு இடையிட்ட காரணத்தை யார் கண்டறிதல் கூடும்? இச்சுழற்சியை அறிந்த ஜெஸ்ஸி, கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்ப மக்களைத் தூண்டினார். குச்சி ஒருவர்க்கு உதவியது. சுவர் ஊர்க்கு உதவியது. கட்டடத் தொழிலாளரின் கையும் மருத்துவரின் அறிவும் ஒருங்கு தொழிற்பட்ட இவ்விடத்தை அவ்வரலாறுகளின் உயிர்நிலை என்பேன். மனமாற்றக் கதைகளைவிட இது குறைவாகப் பேசப்படுவது வியப்பன்று; சுவர் கண்ணீர் வருவிப்பதன்று.

ஆயினும் இங்கும் அறிவு ஒரு திசையிலேயே செல்கின்றது. கொடுப்பார் பிராண்டு; கொள்வார் மலையோர். இவ்வோட்டம் தலைகீழாகும் இடம் ஒன்றே ஒன்று யான் கண்டது. 1985-இற் பால் பிராண்டு எழுதிய சிறு கட்டுரை அது. ஒரு பிடிச் சேற்றைப் பற்றியது. மலைச்சரிவின் நீரோடையை ஒட்டி அடுக்கடுக்காக நெல்வயல்கள். சிறுவர்கள் வயலில் தவளை பிடித்துச் சேற்றைக் கலக்குகின்றனர். வாய்க்கால்களையும் வரப்புகளையும் காக்கும் முதியவர் ஒருவர் வருகின்றார். சிறுவர் அவரைத் தாத்தா என்றழைக்கின்றனர். அவர் ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டுகின்றார். இச்சேற்றில் எத்துணைத் தலைமுறைக்குச் சோறு உள்ளது என்பதையும், மடையைக் கடந்து ஓடிய மண் மீளாது என்பதையும் சொல்கின்றார். தெளிந்த நீர் ஓடினால் மலைக்கு நலம்; கலங்கிய நீர் ஓடினால் மலையின் உயிரே ஓடுகின்றது என்பது அவர் கருத்து. முதிர்ந்த வயதில் எத்தியோப்பிய நாட்டில் மண் அரித்து நைல் ஆற்றில் ஓடுவதைக் கண்டபோது, பால் பிராண்டிற்கு விளங்காததை விளக்கியது அத்தாத்தாவின் சொல்லே.

இக்கட்டுரையில் மலையோர் நோயாளியும் அல்லர், மனம் மாறியவரும் அல்லர், ஆசிரியர். வேற்றுநாட்டு மருத்துவரின் மகன் மாணவன். இதனைப் படிக்குங்காற் குறுந்தொகை 100-ஆம் பாட்டு நினைவில் எழாமற் போகாது. ஓரியின் கொல்லிப் பாவையைத் தலைவிக்கு உவமை சொல்ல வந்த கபிலர், அதற்குமுன் அம்மலைச் சிறுகுடி ஐவன நெல் விதைப்பதையும், களை எடுப்பதையும், பசி வந்தால் யானைக்கோட்டை விற்று உண்பதையும் சொல்கின்றார். பாவையின் அழகைப் பாடும் பாட்டிற் பசியைச் சொல்லவேண்டிய தேவை இல்லை, ஆயினும் சொன்னார். விதைப்பு, களையெடுப்பு, பசி என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கும் அவ்வடிகளை வெறும் வருணனை என்று கடந்து செல்லும் உரைகள் உள. அவை சரியல்ல என்பதற்கு இத்தாத்தா ஒரு சான்று. கபிலர் கண்ட சிறுகுடியும் பால் பிராண்டு கண்ட அடுக்குவயலும் ஒன்றெனக் கூறத் துணியேன். இடையே பன்னூற்றாண்டும் குடிபெயர்ச்சியும் உள. மலைநெல்லைப் பசியோடு சேர்த்து நோக்கும் பார்வையே ஒன்று.

எவலின் அம்மையாரின் முதுமை பற்றிய பகுதிகள் நன்கு அறியப்பட்டவை. மட்டக்குதிரை மீதமர்ந்து ஊரூராகச் சென்றமை, கோலூன்றி நடந்தமை, வீட்டிற் கண்ணாடி வையாமை ஆகியன மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டுத் தொன்மம் ஆகிவிட்டன. ஓவியம் கற்ற கண் கொல்லிமலையில் எதனைக் கண்டது என்று கேட்பார் அருகினர். அடியார் வரலாறு எழுதும் மரபு எச்சமயத்திலும் இவ்வாறே அமைகின்றது. பெரியபுராண ஆராய்ச்சியில் தோய்ந்த நமக்கு இது புதிதன்று.

ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. அது மொழி பற்றியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மருத்துவப் பணி செய்த சாமுவேல் கிரீன், அறிவியல் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களை வெளிக்கொணர்ந்தார். அச்சொற்களுட் சில இன்று நகைப்பிற்கிடமாகலாம். ஆயினும் தமிழர்க்கு மருத்துவம் தமிழிற் சொல்லப்பட்டமைக்கு அவை சான்று. கொல்லிமலையில் அத்தகைய நூல் தோன்றவில்லை. சிறு குடிகளிடையே வாய்மொழியாக நடந்த பணிக்கு நூல் வேண்டப்படவும் இல்லை. பிராண்டு இணையர் நாள்தோறும் மலையோரொடு தமிழிற் பேசியே நோய் கேட்டனர், மருந்து சொன்னர். அப்பேச்சு ஆங்கில நூல்களுக்குள் புகுந்தபோது தன் சொற்களை இழந்தது. தாத்தா சேற்றை எச்சொல்லாற் குறித்தார் என்பதை அக்கட்டுரையால் நாம் அறியக்கூடவில்லை. தாத்தா என்னும் ஒரு சொல் மட்டுமே தப்பிப் பிழைத்தது.

இந்தியாவில் நரம்புச் சிலந்தி ஒழிந்தது என 2000-இல் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. நோயொடு அதன் சொற்களும் மறைகின்றன. வாழவந்தி நாட்டில் முதியோரைக் கண்டு, நோய், மருந்து, வயல், மடை பற்றிய சொற்களைத் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்ளலாம். கொல்லிப் பாவையை எங்கே என்று கேட்பதற்குமுன், வாய்க்காலிற் கலங்கல் நீர் வரக் கண்டால் அதனை யாதென்று சொல்வீர் என்று கேட்டுத் தொடங்குக.