ஏழாவது சுற்றில் ஏன் நிற்கிறார்?

கூத்துப் பார்த்து வளர்ந்த, தர்மபுரிப் பக்கத்து நல்லம்பள்ளிக்காரர்களும் பெங்களூரில் டிக்கெட் எடுத்து நடனம் பார்க்கிறவர்களும் ஒரே கருத்துக்கு வருவது அபூர்வம். இப்போது வந்திருக்கிறார்கள். பெங்களூரின் தெற்குக் கோடியில் புதிதாகத் திறந்திருக்கும் கலை அரங்கில் நவீன நடனக் குழுவோடு ஆடுகிற, கூத்தில் பழகிய நம் பக்கத்துப் பையன் "முழுசா ஆடறதில்ல" என்பது அந்தக் கருத்து. இரண்டு தரப்பும் தப்பாகத்தான் பார்த்திருக்கிறது.

நிகழ்ச்சி எப்படித் தொடங்கியது, எப்படி முடிந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் பலர் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். மிச்சப்பேர் போனில் துண்டு துண்டாகப் பார்த்தாயிற்று. நேராக அந்த இடத்துக்கே வந்துவிடுகிறேன். இரண்டாம் பகுதியில் ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சுழன்று வருகிறார்கள். ஐந்து பேர் மூச்சு தீரும்வரை சுற்றுகிறார்கள். கால் பின்னி, தோள் சரிந்து, கடைசியில் தரையில் சாய்ந்து உருண்டு ஓரத்துக்குப் போகிறார்கள். கைதட்டல் முழுக்க அவர்களுக்கு. இவர் ஏழாவது சுற்றில் நின்றுவிடுகிறார். மேடையின் நட்டநடுவில்கூட இல்லை, ஓரடி முன்னே தள்ளி. முகத்தை லேசாக மேலே தூக்கி, நாலைந்து நொடி அப்படியே. பிறகு சாதாரணமாக நடந்து போகிறார்.

"தம் இல்ல" என்று நம் ஆட்கள் சொல்கிறார்கள். "தன்னை முழுசாக ஒப்புக்கொடுக்கவில்லை" என்று பெங்களூர்க்காரர்கள் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார்கள். சுற்றைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். நான் பார்த்தவரை அந்த ஆறு பேரில் ஒருவர்தான் அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தார். மற்ற ஐந்து பேருக்கும் முடிவை அவர்களுடைய உடம்பே எடுத்துவிட்டது.

இது புரிய வேண்டுமென்றால் கூத்தில் கிறிக்கி அடிப்பது, அதாவது சுழன்று ஆடுவது, எதற்கு என்று ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். கூத்தில் கிறிக்கி தனியாக வருவதில்லை. பாட்டு ஒரு அடி முடியும், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள், மிருதங்கம் ஏறும், வேஷக்காரர் சுற்றுவார். சுற்றி முடித்த கணத்தில் அடுத்த அடியை அவரேதான் எடுக்க வேண்டும், அதுவும் ஆர்மோனியக்காரர் பிடித்து வைத்திருக்கும் சுருதியில். இதை ஒரு தரம் செய்தால் போதாது. இரவு பத்து மணிக்குத் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்ட துரியோதனன் விடியற்காலைப் படுகளம்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். தலையில் கிரீடம், தோளில் கண்ணாடிச் சில்லு பதித்த மரக்கட்டைகள், காலில் சலங்கை. இவ்வளவையும் சுமந்துகொண்டு பன்னிரண்டு சுற்று சுற்றிவிட்டு வாயைத் திறந்தால் பாட்டு வராது, காற்றுதான் வரும். நல்ல வாத்தியார் தன் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், புதிதாக வேஷம் கட்டும் பிள்ளையிடம் முதலில் பிடுங்கிப் போடுவது இந்தக் கூடுதல் சுற்றுகளைத்தான்.

கபடியில் ஏறிப் போகிறவனுக்கும் இதே கணக்குதான். எதிராளிக் கோட்டில் கடைசி மூச்சையும் செலவழித்துவிட்டுத் திரும்புகிறவன் பாதி வழியிலேயே பிடிபடுவான். நடுக்கோட்டைத் தொடும்போது நெஞ்சில் இன்னும் இரண்டு "கபடி" மிச்சம் வைத்திருப்பவனைத்தான் கேப்டன் அடுத்த தடவையும் அனுப்புவார்.

ஆக, அந்தப் புது அரங்கில் நாம் பார்த்தது பாட்டுக்காக மூச்சை மிச்சம் பிடிக்கிற ஒருவரை. ஆனால் அந்த நிகழ்ச்சியில் பாட்டே கிடையாது. லேப்டாப்பிலிருந்து வரும் ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். வராத பாட்டுக்கு இடம் விட்டு நிற்கிறார் மனிதர். ஓரடி முன்னே தள்ளி, முகத்தைத் தூக்கி நிற்கிறாரே, அது என்ன இடம் என்று யாராவது யோசித்தார்களா? பந்தலிலிருந்து மைக் தொங்குகிற இடம்! நம் பக்கக் கூத்துக் களரியில் கிறிக்கி முடிகிறபோது வாய் மைக்குக்கு நேரே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாலாவது வரிசைக்கு மேல் கேட்காது. பெங்களூரில் தலைக்கு மேலே விளக்குதான் தொங்குகிறது. உடம்பு பழகிய இடத்திலேயே நிற்கிறது. குழுவின் இயக்குநருக்கு இது தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். தெரிந்திருந்தால் ரீங்காரத்தை அந்த நாலு நொடிக்காவது நிறுத்தியிருப்பார்.

நிற்பது சுற்றுவதைவிடக் கடினம் என்பதற்குக் காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள். அவற்றுக்குள் ஒரு திரவம். நாம் சுற்றினால் அதுவும் மெல்ல மெல்லக் கூடவே சுற்றத் தொடங்கும். உடம்பு நின்ற பிறகும் திரவம் நிற்காது, கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நின்றவனுக்குப் பந்தல் சுற்றுகிறது. 2013-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பாலே ஆடும் பெண்கள் 29 பேரையும் படகு வலிக்கும் பெண்கள் 20 பேரையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்கள். உடல்வலு இரண்டு கூட்டத்துக்கும் குறைவில்லை. நாற்காலி நின்ற பிறகு, இன்னும் சுற்றுவதுபோன்ற உணர்வு பாலே ஆடுகிறவர்களுக்குச் சீக்கிரம் போய்விட்டது. அவர்களுடைய சிறுமூளையில் காதிலிருந்து வரும் செய்தியை வாங்குகிற பகுதி ஒன்று சிறுத்திருந்ததாகவும் கண்டார்கள். வருஷக்கணக்கான பயிற்சி, காது சொல்வதைக் கேட்காமலிருக்க மூளையைப் பழக்கிவிடுகிறது. பாலே ஆடுகிறவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணை ஒரே புள்ளியில் வைத்துத் தலையை வெடுக்கென்று திருப்பித் தப்பித்துக்கொள்ளவும் செய்கிறார்கள். கிரீடம் கட்டிய தலையை அப்படி வெட்டித் திருப்ப முடியுமா? எங்கள் ஆள் அந்த வசதி இல்லாமலே கற்றவர். இப்போது கிரீடம் இல்லாமல் ஆடும்போதும் தலையை வெட்டுவதில்லை. கவனித்துப் பாருங்கள்.

தரையையும் சொல்ல வேண்டும். மண்ணில் குதிகாலைப் புதைத்து நிறுத்தலாம். மண் கொஞ்சம் கொடுக்கும், கொஞ்சம் பிடிக்கும். புது அரங்குகளில் மரத்தளத்துக்கு மேல் வினைல் விரித்திருக்கிறார்கள். முட்டிக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெறுங்காலோடு சுற்றினால் வியர்வை பட்ட இடம் வழுக்கும், காய்ந்த இடம் தோலை இழுக்கும். குதிகாலை ஊன்றி நிறுத்த முயன்றால் பாதம் எரியும். அவர் நிறுத்துகிற வேலையைக் காலிலிருந்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். ஆறாவது சுற்றின் பின்பாதியில் இடுப்பு அரை அங்குலம் தாழ்கிறது. ஏழாவது சுற்று அங்கேயே முடிந்தாயிற்று, கால் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. மண்ணில் பழகிய ஒருவர் வினைலில் நாலைந்து மாதம் காலைப் பொசுக்கிக்கொண்டு கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இவரை நம் ஆட்கள் தவறாகப் படிப்பதற்கு டிவி ஒரு காரணம். ரியாலிட்டி ஷோ வந்த பிறகு "கான்டெம்ப்ரரி" என்றால் சோகப் பாட்டுக்குத் தரையில் உருண்டு எழுந்து ஓடிப்போய் ஒருவர்மேல் ஒருவர் தாவுவது என்று ஆகிவிட்டது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஆடுகிறவர் தீர்ந்துபோக வேண்டும். நவீன நடனத்தின் சொந்தச் சரித்திரமோ வேறு மாதிரி. 1966-ல் நியூயார்க்கில் இவான் ரெய்னர் உருவாக்கிய 'ட்ரையோ ஏ' ஐந்து நிமிடத்துக்கும் குறைவானது. அதில் நிறுத்தம் என்பதே கிடையாது, உச்சமும் கிடையாது, ஆடுகிறவர் பார்வையாளர் கண்ணைப் பார்ப்பதும் கிடையாது. நம் பையன் செய்வது இதற்கு நேர் எதிர்: நிற்கிறார், நம்மைப் பார்க்கிறார். சென்னையில் சந்திரலேகா 1985-ல் 'அங்கிகா' செய்தபோது பரதத்தின் பக்கத்தில் களரிப்பயட்டையும் யோகாவையும் கொண்டுவந்து வைத்தார். 2001-ல் வந்த 'ஷரீரா'வில் வேகமே இல்லை. ஒரு கால் தூக்குவதற்கு ஆகிற நேரத்தில் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம் என்று அன்றும் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். மெதுவாகத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொடை என்ன பாடுபடும் என்று. ரெய்னர் வழியில் போனாலும் சந்திரலேகா வழியில் போனாலும், களைத்து விழுவது சாதனை என்று இந்தக் கலை சொன்னதில்லை.

புறநகர் அரங்குகள் பற்றி ஒரு வார்த்தை. நான் அவற்றின் கட்சி. பெசன்ட் நகர்க் கடற்கரையில் சந்திரலேகாவின் 'ஸ்பேசஸ்', 1996-ல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா, 2004-ல் பெங்களூர் ஜே.பி. நகரில் எழும்பிய ரங்க சங்கரா என்று நகரத்தின் நடுவில் இல்லாத இடங்கள்தான் புதிய ஆட்டத்துக்குத் தோள் கொடுத்தன. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் படித்தார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். இந்த மாதிரிச் சின்ன அரங்குகளில் முன்வரிசைக்காரருக்கு ஆடுகிறவரின் மூச்சு கேட்கும். அந்தப் புது அரங்கிலும் கேட்டது. ஐந்து பேரும் உருண்டு போகும்போது துருத்தி ஊதுகிற சத்தம். இவர் நின்றபோது ஒன்றும் கேட்கவில்லை, ஏசி இரைச்சல்தான். அந்த அமைதி சும்மா வந்துவிடவில்லை என்று பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லத் தோன்றியது. அவர் வாட்ஸ்அப்பில் இருந்தார்.

ஆனால் அந்த அரங்கின் விளக்கு ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் விழும்போது விளக்கும் கூடவே மங்கி அவர்களைக் காப்பாற்றிவிடுகிறது. எப்படி முடிக்கிறார்கள் என்பதைப் பார்க்கவிடாமல் இருட்டு வந்துவிடுகிறது. கூத்தில் இந்தச் சலுகை யாருக்கும் கிடையாது. ட்யூப்லைட் விடியும்வரை எரியும். தப்பாக நின்றால் தப்பாக நின்றது அத்தனை பேர் கண்ணிலும் படும், கோமாளியான கட்டியங்காரன் அதைச் சொல்லிக் கிண்டலும் அடிப்பான். இருட்டில் முடிகிற ஆட்டத்துக்குப் பாதி மதிப்பெண்தான் போடுவேன். பாரபட்சம் என்பீர்கள். இருக்கட்டும்.

இனி என்ன நடக்கும்? அடுத்த தயாரிப்பில் யாரோ ஒருவர் "வேர்களைத் தேடுகிறோம்" என்று சொல்லிக் கூத்தின் முகவீணையை மேடைக்குக் கொண்டுவருவார். அது தப்பான மருந்து. சத்தத்தைச் சேர்த்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நுழைய மூச்சு வைத்திருப்பவரை மறந்துவிடுவார்கள். நிஜமாகவே தைரியம் இருந்தால் அவரைப் பாடவிட வேண்டும், மைக் இல்லாமல், ஒரே ஒரு அடி. விடமாட்டார்கள், பாடினால் அது "நாடகம்" ஆகிவிடும் என்கிற பயம் இந்தத் துறையில் இன்னும் போகவில்லை.

குழுவில் இருக்கும் இளையவர்கள் இரண்டு வருஷத்துக்குள் அந்த நிற்றலைக் காப்பியடிப்பார்கள். மேலே தூக்கிய முகம் வந்துவிடும், இடுப்பு தாழ்வது வராது. போட்டோவில் வித்தியாசம் தெரியாது, ஆகவே போஸ்டரில் அவர்கள்தான் இருப்பார்கள். விமர்சகர்களும் அதற்குள் திரும்பிவிடுவார்கள். இப்போது "தன்னை ஒப்புக்கொடுக்கவில்லை" என்கிற அதே ஆட்கள் "கட்டுப்பாடு" என்று எழுதத் தொடங்குவார்கள். அப்படி எழுதும்போது அதற்கு ஜப்பானியக் காரணம் ஒன்றைத் தேடிப்பிடிப்பார்களே தவிர, கூத்து நடக்கிற திரௌபதி அம்மன் கோயில் பந்தலைத் தேடி வரமாட்டார்கள்.

நம் பக்கம் பற்றியும் ஒரு கணிப்பு. அதகபாடி, தடங்கம் பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா வருகிறது. தேசிய நெடுஞ்சாலை 44 ஏற்கெனவே வீட்டு வாசலில் ஓடுகிறது. ஆலை வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் கல்யாண மண்டபம் தாண்டி ஒரு அரங்கம் வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். பத்து வருஷத்தில் நல்லம்பள்ளிக்கும் தர்மபுரிக்கும் நடுவில் அப்படி ஒன்று எழும்பும் என்றே நினைக்கிறேன். ஏசி இருக்கும், வினைல் இருக்கும், விளக்கை மங்க வைக்கும் பொத்தானும் இருக்கும். அதன் திறப்பு விழாவுக்குப் பெங்களூர்க் குழுவைத்தான் கூப்பிடுவோம், நம் ஜமாக்களுக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் கொடுப்போம்.

அதற்கு முன்னால் பங்குனி வரும், பாரதக் கூத்து போடுவார்கள். அவர் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்து பதினெட்டாம் போருக்கு வேஷம் கட்டுவார் என்று கேள்வி. அங்கேயும் ஏழுதான் வரும் என்று பந்தயம் கட்ட நான் தயார். எட்டு வந்தால், வினைல் அவரைக் கெடுத்துவிட்டது என்று அடுத்த பத்தியில் எழுதுகிறேன்.