ஓடிப்போன அக்காவும் திருந்திய பேராசிரியரும்

உரோமைக்கு மேற்படிப்புக்குச் செல்லும் இளங்குருக்களும், இத்தாலிய நாட்டு முதியோர் இல்லங்களில் பணியாற்றச் செல்லும் அருள்சகோதரிகளும் அங்கே முதன்முதலில் மல்லுக்கட்ட நேர்வது இறையியலோடு அன்று, வினைச்சொற்களோடு. 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் சொல்வதை அம்மொழி 'பசியை உடையேன்' என்று சொல்லும். 'எனக்கு ஐம்பது வயது' என்பதை 'ஐம்பது ஆண்டுகளை உடையேன்' என்று சொல்லும். உடைமையைக் குறிக்கத் தனி வினையைத் தேடாமல், 'எனக்கு இருக்கிறது' என்று நான்காம் வேற்றுமையைக் கொண்டே அன்றாடப் பேச்சை ஓட்டிவிடும் தமிழருக்கு இது புதிய உலகம்.

இவ்வுலகில் நுழைய விழைவோர்க்கு வழிகாட்டும் கருவிகள் இன்று ஏராளம். இலக்கண அட்டவணைகள் போதாவென்று, கைப்பேசியிலேயே மொழியை விளையாட்டாகக் கற்பிக்கும் செயலிகள் வந்துவிட்டன. விடை சரியானால் மணி ஒலிக்கும்; தவறினால் திரை சிவக்கும்; நாள்தோறும் மதிப்பெண் கூடும். இவற்றால் சொற்கள் சேர்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டு மொழிக்கு வெளியே நிற்கிறது. கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழைய உத்திதான் அது. மருந்தே இனிக்கும்படி செய்தவர் எவரேனும் உண்டா என்று கேட்டால், ஜான்னி ரொதாரியை நாம் சுட்டுவோம். அவரது 'பிழைகளின் நூல்' 1964ஆம் ஆண்டு புரூனோ முனாரியின் ஓவியங்களுடன் ஐனாவுதி பதிப்பகத்தாரால் வெளியிடப்பெற்றது. இத்தாலியச் சிறுவர்க்காக எழுதப்பட்ட இந்நூலை அம்மொழி பயிலும் பெரியவர்கள் கையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் திட்டம் எளிது. பள்ளிப் பிள்ளைகள் ஏட்டில் செய்யும் பிழையை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு மேலே செல்வார். ரொதாரி அவ்வாறு அடிப்பதில்லை. பிழை சொல்வது உண்மையானால் உலகம் எப்படி மாறிப்போகும் என்று கற்பனை செய்கிறார்.

எடுத்துக்காட்டாக, இத்தாலிய நெடுங்கணக்கில் ஓர் ஊமை எழுத்து உண்டு. தனக்கென ஒலியில்லாத அவ்வெழுத்தின் பெயர் 'அக்கா'. (தமிழ்க் காதுக்கு இது எத்துணை உறவாக ஒலிக்கிறது!) ஒன்றுக்கும் உதவாததை 'ஓர் அக்கா விலைகூடப் பெறாது' என்று இழித்துரைப்பது அந்நாட்டு வழக்கு. இழிவு பொறுக்காத அக்கா ஒருநாள் நாட்டைவிட்டே புறப்பட்டுவிடுகிறாள். ஜெர்மானியரிடத்தில் தனக்கு மதிப்புண்டு என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். அவள் போனதும் என்ன நடக்கிறது? 'கியேசா' என்றால் கோயில்; அச்சொல்லில் அக்கா உண்டு. கோயில்கள் இடிந்து விழுகின்றன. வானத்திலிருந்து கெருபுகள் தலைகீழாக விழுகின்றனர். 'பிக்கியேரே' என்னும் கண்ணாடிக் குவளைகள் உடைகின்றன. 'கியோதோ' என்னும் ஆணி 'சோதோ' ஆகிச் சுத்தியலின் கீழ் உருகிப்போகிறது. கடைசியில் நாட்டு எல்லையில், பிரென்னர் பக்கம், கடவுச்சீட்டு இல்லாமல் நிற்கும் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப அழைத்து வருகிறார்கள்.

இக்கதையைப் படித்தவர்க்கு, 'சி' என்னும் ஒலியை 'கி' என்னும் வல்லோசையாக்குவது அந்த ஊமை எழுத்தே என்னும் விதி வாழ்நாள் முழுதும் மறக்காது. அட்டவணையில் இது ஒரு வரி. இங்கே இது கோயிலும் குவளையும் ஆணியும். அன்றாடச் சொற்கள் பத்துப் பன்னிரண்டு, விதியின் முதுகிலேறி மனத்துக்குள் வந்துவிடுகின்றன.

இன்னொரு சிறு செய்யுளில் மாணவன் ஒருவன் 'லாகோ' என்று எழுதவேண்டிய இடத்தில் முதலெழுத்துக்குப் பின் ஒரு தலைக்குறியைச் சொருகிவிடுகிறான். சேர்த்து எழுதினால் ஏரி. குறியிட்டுப் பிரித்தால் 'ஊசி'. ஒலிப்பில் வேற்றுமை இல்லை. புகழ்பெற்ற கார்தா ஏரி ஒரு நொடியில் கார்தா ஊசி ஆகிவிடுகிறது. அந்த ஏரியில் மீன் நிறைய என்கிறார்களே, இனி அம்மீன்கள் ஊசியின் காதிலா குடியிருக்கும் என்று கவிஞர் வியக்கிறார். நற்செய்தி அறிந்த வாசகருக்கு அந்த ஊசிக் காதில் மீனுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டகமும் நிற்பது தெரியும். அதைக் கவிஞர் சொல்லவில்லை, நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

கார்தா ஏரி என்றதும் தமிழ்க் கத்தோலிக்கருக்கு வேறொரு நினைவும் வரவேண்டும். அவ்வேரிக்குத் தெற்கே அருகிலுள்ள காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில்தான் 1680இல் நம் வீரமாமுனிவர் பிறந்தார். அயல்நாட்டிலிருந்து வரும் குருக்கள் பேச்சுத் தமிழைச் சிரித்துக்கொண்டே கற்கவேண்டும் என்று எண்ணி, பரமார்த்த குரு கதையை இலத்தீன் மொழிபெயர்ப்போடு இயற்றித் தந்தவர் அவர். மட்டியும் மடையனும் குதிரை முட்டையென்று பூசணிக்காயை வாங்கிய கதையைப் படித்தே பலர் வட்டார வழக்கின் நெளிவுசுளிவுகளைக் கற்றனர். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஏட்டில் வேறுபடாமல் கிடந்த நிலையைத் திருத்தியவரும் அவரே என்பது நம் மரபு. ஒரு சிறு குறியின் அருமையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. முனிவரின் நகை பேதைகளை நோக்கிப் பாய்கிறது. ரொதாரியின் நகையோ, போகப்போகத் திருத்துபவரை நோக்கித் திரும்புகிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. சரியானதை முன்பே அறிந்தவருக்குத்தான் பிழை நகைப்பூட்டும். ஏரியின் பெயரே தெரியாதவருக்கு ஊசி சிரிப்பு வரவழைக்காது. ஆகவே இதனை முதற்பாட நூலாகக் கொள்வது ஆகாத காரியம். செய்யுட்பகுதிகளில் சில, இயைபு கிடைத்த மகிழ்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. வேறு சிலவற்றில் எழுத்துப்பிழை வெறும் சாக்காகி, ஆசிரியர் சொல்ல விரும்பிய அறவுரை முன்னே வந்து நிற்கிறது. மேலும், நம்மவர் இடறும் இடம் வேறு. இத்தாலியப் பிள்ளைகள் இடறும் இடம் வேறு. அவர்கள் ஒற்று இரட்டிப்பதில் தடுமாறுவர். 'எடு' என்பதற்கும் 'எட்டு' என்பதற்கும் பேதம் அறிந்து வளர்ந்த தமிழ்ச் செவிக்கு அது எளிது. 'பேனா' என்றால் அங்கே துன்பம். 'பென்னா' என்று ஒற்றை இரட்டித்தால்தான் எழுதுகோல். 'கபெல்லோ' தலைமயிர், 'கப்பெல்லோ' தொப்பி. ஆண்டைக் குறிக்கும் 'அன்னோ'வில் ஓர் ஒற்றைக் குறைத்தால் வருவது என்ன என்பதை இந்த இதழில் விளக்குவதற்கில்லை. அங்கே சென்று வந்த குருக்களைக் கேட்டறிக.

இனி, இந்நூலின் உயிர் இருக்கும் இடத்துக்கு வருவோம். நூலில் கிராம்மாத்திகுஸ் என்றொரு பேராசிரியர் வருகிறார். பிழை கண்ட இடமெல்லாம் திருத்துவதே அவர் தொழில். 'எஸ்ஸெரே', 'அவேரே' என்னும் தலைப்பிட்ட கதையில் அவர் இரயிலில் செல்கிறார். முன்னது 'இருத்தல்', பின்னது 'உடைத்தாதல்'. இத்தாலிய மொழியில் இறந்தகாலத்தைச் சொல்ல இவ்விரண்டில் ஒன்று துணைவினையாக வரவேண்டும். 'உண்டேன்' என்பதற்கு உடைமை வினை. 'போனேன்' என்பதற்கு இருத்தல் வினை. நமக்கோ 'உண்டிருக்கிறேன்', 'போயிருக்கிறேன்' என்று இரண்டிடத்தும் 'இரு' ஒன்றே போதும். அதனால் எதற்கு எது என்று அங்கே தட்டுத்தடுமாறுகிறோம். இருத்தல் வினை வரும்போது எச்சமும் பால், எண்ணுக்கேற்ப மாறவேண்டும் என்பது மேலும் ஒரு தொல்லை.

பெட்டியில் உடன் வருபவர்கள் தென்னாட்டுத் தொழிலாளர்கள். பிழைப்புக்காக அயல்நாடு சென்று, தேர்தலில் வாக்களிக்கத் திரும்பியவர்கள். ஒருவர் ஜெர்மனிக்குப் போனதையும் மற்றவர் பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனதையும் பேசிக்கொள்கிறார்கள். இருவரும் தவறாமல் உடைமை வினையையே பயன்படுத்துகிறார்கள். பேராசிரியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து வெடிக்கிறார்: போதல் செயப்படுபொருள் குன்றிய வினை, இருத்தல் வினையோடுதான் வரவேண்டும் என்று. ஏழைத் தொழிலாளி சினம் கொள்ளவில்லை. நீர் படித்தவர், நான் இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கச் சென்றவன் என்று ஒப்புக்கொள்கிறார். அது என்ன வினையோ, தமக்கு அது துயரமான வினையாகப் படுகிறது என்கிறார். பிள்ளைகளை விட்டு அந்நியர் வாசலில் வேலை தேடிப் போவது அல்லவா போதல்! 'இருத்தல்' என்றால், தாங்கள் எங்கே போனாலும் உள்ளத்தால் சொந்த ஊரில்தான் இருக்கிறோம் என்றும் சொல்கிறார். பேராசிரியர் வாயடைத்துப் போகிறார். சொல்லில் பிழை தேடித் திரிந்தேனே, பெரும்பிழைகள் உலகின் நடப்பில் அல்லவா இருக்கின்றன என்று தம்மையே நொந்துகொள்கிறார்.

இக்கதை வெறும் கற்பனையில் எழுந்ததன்று. 1946இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இத்தாலிய இளைஞர்கள் பெல்ஜியச் சுரங்கங்களுக்குக் கூட்டங்கூட்டமாக அனுப்பப்பட்டார்கள். 1956 ஆகஸ்டு 8ஆம் நாள் மார்சினெல் சுரங்கத் தீயில் மாண்ட 262 பேரில் 136 பேர் இத்தாலியர். இதை அறிந்து படித்தால், ஒரு துணைவினையைத் திருத்திய பேராசிரியர் ஏன் நாணினார் என்பது விளங்கும்.

நுண்ணியதொன்று இங்கே கவனிக்கத்தக்கது. இலக்கணம் வேண்டாம் என்று ரொதாரி சொல்லவில்லை. விதியைப் பேராசிரியரின் வாயாலேயே தெளிவாகச் சொல்ல வைக்கிறார். படிப்பவர் அதைக் கற்றுக்கொள்கிறார். அதே விதியின் இரு சொற்களையும் எடுத்துத் தொழிலாளி தம் வாழ்வைப் பேசிவிடுகிறார். நகைப்பும் பாடமும் கண்ணீரும் ஒரே வினைமுற்றில் வந்து கூடுவதை வேறெந்த மொழிப்பாட நூலிலும் நாம் கண்டதில்லை.

இந்த ரொதாரி யார் என்பதை மறைத்துவிட்டு இந்நூலைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. 1920இல் ஒமேஞ்ஞாவில் பிறந்த அவர், சிறுவயதில் செவேசோ குருமடத்தில் பயின்றவர். பின்னர்ப் பள்ளி ஆசிரியர். 1944இல் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தவர். 1949இல் திருப்பீடம் பொதுவுடைமையாளருக்கு எதிராக ஆணை பிறப்பித்திருந்த சூழலில், 1951இல் அவர் எழுதிய சிறுவர் இயக்கக் கையேடு திருச்சபை வட்டாரங்களில் கடுஞ்சினத்தைக் கிளப்பியது. சில பங்குகளின் முற்றங்களில் அவருடைய எழுத்துக்கள் எரிக்கப்பட்டன என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவரது கொள்கையை நாம் ஏற்கவில்லை. அதற்காக, எரித்தவர்கள் நன்றாகப் படித்துவிட்டு எரித்தார்கள் என்றும் நாம் நம்பவில்லை. 'பிழைகளின் நூல்' வெளிவந்த அதே 1964இல்தான் திருத்தந்தை ஆறாம் பவுல், திருச்சபை உலகோடு உரையாட வேண்டும் என்று தம் முதல் சுற்றுமடலை எழுதினார். 1970இல் ரொதாரிக்குச் சிறுவர் இலக்கியத்தின் தலைசிறந்த விருதாகிய ஆண்டர்சன் விருது கிடைத்தது. 1980இல் உரோமையில் காலமானார்.

இன்று அதே இத்தாலியாவின் தென்கோடியில், பலெர்மோ நகரில், இலங்கைத் தமிழர் பலர் குடியிருக்கின்றனர். வீட்டுவேலை செய்து பிழைப்போர் அவருள் மிகுதி. இந்துக்களும்கூடப் பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவை வணங்குகின்றனர். போர் துரத்த ஊரை விட்டுப் போனவர்கள் அவர்கள். 'போனேன்' என்பதற்கு எந்தத் துணைவினையைச் சொன்னாலும், அச்சொல்லின் பொருளை இரயில்பெட்டித் தொழிலாளியைப் போலவே அறிந்தவர்கள்.

இந்நூலை வாங்குவோர்க்கு நம் பரிந்துரை இதுதான். முதல் மூன்று மாதம் ஏதேனும் ஒரு பாடநூலோடு இருங்கள். பிறகு ஓடிப்போன அக்காவிலிருந்து தொடங்குங்கள், உரக்கப் படியுங்கள், கூடப் படிக்க ஓரிருவர் இருந்தால் இன்னும் நன்று. இரயில் கதையை மட்டும், இருத்தல் வினையோடு 'போனேன்' என்று பிழையின்றிச் சொல்ல நா பழகும் வரை எடுக்காதீர்கள். பழகிய பின் எடுத்தால்தான் அதன் அடி சரியான இடத்தில் விழும்.