யாரை நோக்கிச் சிரிப்பது?

நகைச்சுவையைப் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் நம்மிடைப் பலர். அஃது ஓர் ஆயுதமென்று அறிந்தவர் சிலர். அவ்வாயுதத்தின் கூர் எவர் பக்கம் திரும்பியிருக்கிறதென்று ஆராய்வோரோ மிகச் சிலர். நோய்த்தடுப்பைக் குறித்து எழுந்த கேலிச்சித்திரங்களைப் பொறுத்தவரை இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. அங்கே சிரிப்புத் தவறினால் சுவை கெடுவதோடு நிற்பதில்லை; உயிருக்கும் கேடு வரும்.

இத்துறையில் பெயர்பெற்ற சித்திரம் லண்டனில் 1802 ஜூன் 12 அன்று வெளியாயிற்று. வரைந்தவர் ஜேம்ஸ் கில்ரே. ஆங்கில வைத்தியர் ஜென்னர், பசுவம்மைப் பாலைக் கீறிவைத்து வைசூரியைத் தடுக்கலாமென்று 1796-ல் சோதித்தறிந்து, 1798-ல் நூலாக வெளியிட்டிருந்தார். கில்ரேயின் சித்திரத்தில் ஜனங்கள் நெருங்கி நிற்கும் வைத்தியசாலைக் கூடம் ஒன்று. நடுவே அஞ்சி நடுங்கும் ஒரு மாது. அவள் கையை ஜென்னர் சலனமின்றிக் கீறுகிறார். முன்பே அம்மை குத்திக்கொண்டோரின் கையிலும் மூக்கிலும் காதிலும் வாயிலும் பசுக்கள் முளைத்துப் பாய்கின்றன. சுவரில் தொங்கும் படத்திலோ ஜனங்கள் ஒரு கன்றுக்குட்டியை மண்டியிட்டு வணங்குகின்றனர்.

சித்திரக்காரரின் கைத்திறனில் குறை காண்பதற்கில்லை. அச்சத்தை இவ்வளவு பெரிதாக்கிக் காட்டியதால், அவர் அச்சங்கொண்டோரையே கேலி செய்தாரென்று வாதிப்போரும் உளர். ஆயினும் படத்தில் பசு முளைப்பது எவர் உடம்பில்? பெரும்பாலும் ஏழைகளின் உடம்பில். விலை கொடுத்துப் படத்தை வாங்கி வீட்டில் வைத்துச் சிரிக்க வல்லவர் எவர்? பணமுடையோர். இவ்வேற்றுமையை நாம் மறத்தலாகாது.

இங்ஙனம் லண்டன் சிரித்த இரண்டாம் நாள், அதாவது 1802 ஜூன் 14-ல், பம்பாயில் ஆன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மைப்பால் பலித்தது. இந்தியாவில் முதன்முதல் பலித்தது அவளுக்கே. அவள் கையிலிருந்து எடுத்த பால் பிறருக்கும், அவர்களிடமிருந்து மற்றோருக்குமாகப் பரவிற்று. எவர் மேனியிலும் பசு முளைக்கவில்லை. 1980-ல் வைசூரி உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மற்றொரு சித்திரமும் உண்டு. 1808-ல் ஐசக் குரூக்ஷாங்க் என்பவர் ஜென்னரின் பக்கம் நின்று வரைந்தது. பழைய முறையில் வைசூரிச் சீழையே கீறிவைத்துப் பணம் பறித்தவர்கள், இரத்தம் தோய்ந்த கத்திகளுடன் துரத்தப்படுகின்றனர். இங்கே பரிகாசம் நோயால் இலாபம் அடைபவனைச் சாடுகிறது. கில்ரேயின் கலை உயர்ந்ததே. ஆனால் குரூக்ஷாங்கின் குறி நேரானது.

1943-ல் அமெரிக்கச் சிப்பாய்களுக்காகத் தியடோர் கைசல் படம் வரைந்த சிறு பிரசுரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு 'ஆன்' என்னும் பெண்ணாக வருகிறாள். வலை கட்டாத சிப்பாய் தன்னைத் தானே பார்த்துச் சிரித்துத் திருந்துகிறான். அது நன்று, அவன் கையில் வலையும் மருந்தும் இருந்தன. ஆனால் கொசுவை இழிவாகக் காட்ட அதனை ஒழுக்கங்கெட்ட பெண்ணாக்க வேண்டுமா? கடிப்பது பெண்கொசு என்பது விஞ்ஞானம். மற்றது ஆண்மக்களின் பழக்கதோஷம்.

இனி நம் கிள்ளானுக்கு வருவோம். 1901-ல் டாக்டர் மால்கம் வாட்சன் இங்கே வந்தபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. அவ்வாண்டில் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் சில வாரங்களிலேயே மலேரியாவால் மூடப்பட்டது. கிள்ளானிலும் துறைமுகத்திலுமாகக் காய்ச்சலால் மாண்டோர் 1901-ல் 368 பேர். 1902-ல் 59 பேர். இடையே நிகழ்ந்தது யாது? சதுப்பு வடிக்கப்பட்டது, காடு வெட்டப்பட்டது. ஆனால் அதே முறை மலையடித் தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே நிழல் நீங்கி வெயில் பட்ட தெளிந்த ஓடையிலேயே வேறொரு வகை அனோபிலிஸ் பெருகிற்று. இவற்றை ஆராயும் அறிவும், செலவிடும் பணமும், உத்தரவிடும் அதிகாரமும் கூலித் தொழிலாளியிடம் இல்லை. மண்வெட்டி ஒன்றே இருந்தது. கசக்கும் கொயினாவைத் துப்பினானென்று அவனை மட்டும் ஒரு சித்திரக்காரர் கேலி செய்திருந்தால், அது பொய்ச் சித்திரமேயாகும்.

பிறரைக் கூறுவானேன்? நாமே அக்குற்றம் புரிந்தோம். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் நாம், டெங்கிக் காய்ச்சல் பரவிய ஒரு சமயம், அறிவிப்புப் பலகைக்கு ஒரு விகடப்படம் வரைந்தோம். திறந்த தண்ணீர்ப் பீப்பாயின் அருகே ஒரு தொழிலாளி குறட்டை விடுகிறான். கொசுக்கள் அவனுக்கு மாலை சூட்டுகின்றன. ஆபீசில் அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தனர். பெரட்டுக்கு வந்த ஒரு மூதாட்டி மட்டும் சிரிக்கவில்லை. "குழாயில மூணு நாளைக்கு ஒருக்காத்தானே தண்ணி வருது, கிராணி ஐயா? பீப்பாயில பிடிக்காம வேற எதுல பிடிக்கிறது?" என்றார்.

நமக்கு விடை தோன்றவில்லை. டெங்கிக் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடுமென்பது நாம் படித்த பாடம். அந்த நீர் ஏன் தேக்கப்படுகிறதென்பது அம்மூதாட்டி வாழ்ந்து அறிந்த பாடம்.

நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனையும் கேலி செய்வான். அதற்குமுன் தன்னையும் கேலி செய்துகொள்வான். ஆதலின் அவன் சொல் சபையில் செல்லும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியாயினும் தோட்டத்து லயமாயினும், நோய்த்தடுப்புச் சித்திரம் வரைவோர்க்கு அவனே ஆசான். பரிகசிக்கப்பட்டவன் கதவைச் சாத்திக்கொள்வான்; உடன் சிரிக்க அழைக்கப்பட்டவனே கதவைத் திறப்பான்.

அன்றிரவே பழைய படத்தைக் கிழித்தெறிந்து புதிதாக வரைந்தோம். சிலந்தி கூடு கட்டிய குழாய். அதன் கீழே நாற்காலி போட்டு, வராத தண்ணீருக்குக் கணக்கெழுதும் கிராணி. பக்கத்தில் துணியால் வாய் கட்டிய பீப்பாய். அவ்வாரமே லயத்துப் பெண்டிர் பீப்பாய்களுக்குத் துணி கட்டினர். குழாய் சீராகப் பல மாதங்கள் சென்றன. அதுவரையில் அப்படத்தைப் பலகையினின்று எடுக்க நாம் இசையவில்லை.