தென்காசி நெசவாளரின் அடைக்கலம்

ஆலயத்தை விட்டு ஆண்டவனையே சரண் புகு என்னும் குரல் பத்தொன்பதாம் நூற்றாண்டு தமிழுக்குத் தந்த கொடை என்றும், வள்ளலாருக்கும் பாதிரிமாருக்கும் முன்னால் தமிழன் ஸ்தல மகாத்மியங்களுக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தான் என்றும் சொல்வது இப்போது விமரிசகர் சிலரிடையே நாகரிகமாகிவிட்டது. சற்றுத் தாராள மனம் படைத்தவர்கள் சித்தர்களை மட்டும் விதிவிலக்காக ஒப்புக்கொள்வார்கள். தென்காசியில் பிறந்த நெசவாளர் ஒருவரை இவர்கள் படித்ததில்லை என்பது தவிர, இந்தச் சித்தாந்தத்துக்கு வேறு ஆதாரம் எனக்குத் தென்படவில்லை.

பழைய கதையை விரிக்க வேண்டியதில்லை. ஈசனை உணராதவனுக்குத் தீர்த்த யாத்திரையால் என்ன பயன் என்று ஊர் ஊராய்க் கோயில் தேடி நடந்த அப்பரே கேட்டுவிட்டார். உடம்பைக் கோயிலாகக் கண்டார் திருமூலர். தென்காசியை அடுத்த குற்றாலத்துக்கு இரண்டு பதிகம் தந்த ஞானசம்பந்தரோ அவற்றுள் ஒன்றை அங்குள்ள குறும்பலாவுக்கே உரியதாக்கினார். அத்தலத்தில் திருமாலாக நின்ற மூர்த்தியை அகத்தியர் சிவலிங்கமாகக் குறுக்கினார் என்பது புராணம். உருவம் இத்தனை எளிதில் மாறும் ஸ்தலத்தில் உருவத்தையே கெட்டியாகப் பற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு குறும்புக்காரன் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன், காசிக்குப் போகும் வழியிலேயே மாண்டுபோகும் அடியார்களுக்காகச் சிவன் கனவில் பணித்தபடி, சிற்றாற்றங்கரைத் தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான் என்பது ஐதீகம். எனக்கு அந்தக் கோயிலினும் பெரிதாகத் தோன்றுவது, அவன் பெயரால் அங்கே கல்லில் நிற்கும் பாட்டு. இவ்வாலயத்துக்குக் குறை ஏதும் நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான் அரசன். தான் கட்டிய புகலிடம் அழியக்கூடியது என்று கட்டும்போதே அறிந்திருந்தான்! அவன் அஞ்சியபடியே கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகக் கிடந்து, 1990இல்தான் மீண்டும் முழுமை பெற்றது.

இந்த ஊரில்தான் பீர்முகம்மது அப்பா பிறந்தார். பதினேழாம் நூற்றாண்டினர் என்பது பொதுவான கணிப்பு, தறியில் பிழைத்தார், பிற்காலம் தக்கலையில் கழிந்தது. 'ஞானப்புகழ்ச்சி', 'ஞானரத்தினக் குறவஞ்சி', 'பிஸ்மில் குறம்' என்று அவர் பெயரால் வழங்கும் நூல்கள் பல. யோக பரிபாஷையும் அரபுச் சொல்லும் ஒரே அடியில் கூச்சமின்றி உறவாடும் அந்தத் தமிழைத் தமிழ்ப் பண்டிதர் அரபு என்று ஒதுக்கினர். மார்க்க அறிஞர் சிலர் சித்தர் வாடை அடிக்கிறது என்று ஐயுற்றனர். அவர்மேல் எழுந்த புகாரை விசாரிக்க வந்த காயல்பட்டினத்துச் சதக்கத்துல்லா அப்பாவே (1632–1703) அவர் பெருமையை உணர்ந்து திரும்பினார் என்று சொல்வார்கள்.

சிவவாக்கியர் கல்லையும் செம்பையும் உடைத்துப் பேசுகிறார். அந்த ஆவேசம் நம்மை உலுக்குகிறது, ஆயினும் உடைத்த பிறகு எங்கே போய் ஒண்டுவது என்று ஏங்கும் எளியவனுக்கு அவர் அதிகம் சொல்வதில்லை. அப்பாவின் ஞானப்புகழ்ச்சியோ முழுவதும் விண்ணப்பம். பொய்ப் புகலிடங்களை இகழ்ந்து நேரம் போக்காமல், தன் குற்றங்களைச் சுமந்தபடி, வேறு போக்கிடம் இல்லை என்று இறைவன் ஒருவனிடமே மன்றாடுகிறது அக்குரல். தமிழில் அடைக்கலப் பாட்டு ஆழ்வார்களுக்குப் பின் அடைந்த உச்சம் இதுவே என்பது என் துணிபு.

குறவஞ்சியின் கதையும் இங்கிருந்தே திருத்தி எழுதப்பட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன், சிங்கியின் புதுநகைகளைக் கண்டு மருண்டு கேள்விமேல் கேள்வி கேட்கிறான். அதற்கு முற்பட்டதாகக் கொள்ளத்தகும் அப்பாவின் குறவஞ்சியிலோ அதே சிங்கனும் சிங்கியும் படைப்பையும் ஆன்மாவையும் பற்றி வினாவி விடையிறுக்கிறார்கள். பின்னர் வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியில் நாயகியை மீட்பரை நாடச் செய்தபோது, அவருக்கு முன்பே ஒருவர் அந்த வழியைச் செப்பனிட்டிருந்தார். இருந்தும் நம் பாடநூல்களில் குறவஞ்சி என்றால் வசந்தவல்லியும் பந்தும் வானரமும்தான். ரசிகமணி டி.கே.சி. (1882–1954) குற்றாலத்தைக் கவிதையின் தலைநகராக்கினார்; அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. அவர் வழி வந்த ரசிகக் கூட்டமோ அருவியில் குளித்து, கம்பனைச் சுவைத்து, சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டது. சாரலின் சுகத்துக்குள் பயமும் கண்ணீரும் கலந்த ஒரு சரணாகதிப் பாட்டு நுழைய அவர்கள் இடம் வைக்கவில்லை.

அப்பாவின் சமாதியே இன்று தக்கலையில் தர்காவாகி, கூட்டம் கூடும் ஸ்தலமாகிவிட்டதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ரஜப் மாதத்தில் ஆண்டுதோறும் ஓரிரவு அங்கே விடியும்வரை கூடிப் பாடுவது ஞானப்புகழ்ச்சியை. அதில் புகழப்படுபவன் சமாதியில் உறங்குபவர் அல்லர், அவர் யாரிடம் மன்றாடினாரோ அவன்.

தென்காசி வட்டாரத்துக் கல்லூரிகள் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடமாக வைக்கும்போது, பக்கத்தில் ஞானரத்தினக் குறவஞ்சியையும், அரபுச் சொற்களுக்குப் பொருள் தரும் நல்லதொரு உரையோடு வைக்கட்டும். சொந்த ஊரிலேயே அவரைப் படிக்காமல், தமிழின் பக்தி வரலாற்றை எழுத யாருக்கும் தகுதியில்லை.