பாறைகள் பொய்யுரைக்குமா?

ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததா? வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினாவை ஒரு முழு நூலாக விரித்தவர் பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேய இயற்கையியல் அறிஞர். 1857-ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் பெயர் 'ஓம்பலோஸ்'. தொப்புளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. இன்று அதனைத் தேடிப் படிப்போர் சிலரே. ஆயினும் அது எழுப்பிய சிக்கல் நம் இல்லங்களிலும் எழுகிறது. பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் எனப் பள்ளியில் கற்கும் பிள்ளை, ஆறு நாள் படைப்பைத் திருப்பலி வாசகத்தில் கேட்டுவிட்டு, 'இவற்றுள் எது உண்மை?' என்று நம்மை வினவுகிறது. ஆகவே இந்நூலை எடைபோட்டுப் பார்ப்பது பயனற்ற வேலையன்று.

காஸ் அறிவியலை வெறுத்தவர் அல்லர். கடல்வாழ் உயிர்களை நுணுகி ஆராய்ந்தவர். அவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துக் காணும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர். பிளிமத் சகோதரர் சபையைச் சார்ந்த அவர், தொடக்கநூலின் ஆறு நாள்களையும் எழுத்துக்கு எழுத்து நம்பினார். மறுபுறம், 1830 முதல் 1833 வரை சார்லஸ் லயல் வெளியிட்ட நிலவியல் நூல் பூமியின் பெரும் பழமையைக் கற்றோர் மனத்தில் பதித்திருந்தது. அச்சான்றுகளைக் காஸ் மறைக்கவில்லை. வழக்குமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியை நிறுத்துவதுபோல் அவற்றை விரிவாகவே எடுத்துரைத்தார். இந்த நேர்மை பாராட்டுக்குரியது.

பின்னர் அவர் தரும் விடை இது: ஆதாம் தாய்வயிற்றில் பிறவாதிருந்தும் தொப்புளோடு படைக்கப்பட்டிருப்பான், ஏதேனின் மரங்கள் அன்றே தோன்றியும் ஆண்டு வளையங்களைக் கொண்டிருந்திருக்கும், அவ்வாறே பூமியும் நிகழாத ஒரு கடந்த காலத்தின் தடயங்களைத் தாங்கியபடியே படைக்கப்பட்டது. கல்லாய் இறுகிய விலங்குக் கழிவுகளுக்கும் அவர் இதே விளக்கத்தைத் தருகிறார். அப்படியாயின், ஒருபோதும் வாழாத விலங்கு, ஒருபோதும் வாழாத இரையை உண்டு விட்டுச் சென்ற மிச்சம் அது என்றாகிறது!

தருக்க நோக்கில் இவ்விடையை வீழ்த்த இயலாது. அதுவே அதன் குறை. எந்தச் சான்றைக் காட்டினாலும் 'அதுவும் அப்படியே படைக்கப்பட்டது' என்று கூறிவிடலாம். ஆனால் நம்மை உறுத்துவது வேறொன்று. காஸின் நண்பரும் ஆங்கிலிக்கன் குருவுமான சார்லஸ் கிங்ஸ்லி அதனைச் சுட்டிக்காட்டினார். கடவுள் பாறைகளில் தேவையற்ற மாபெரும் பொய்யொன்றை எழுதிவைத்தார் எனத் தம்மால் நம்ப இயலாது என்பதே அவரது மறுப்பின் சாரம். விவிலியத்தைக் காக்கப் புறப்பட்ட நூல், விவிலியம் அறிவிக்கும் இறைவனின் வாய்மையையே விலையாகக் கொடுத்துவிட்டது.

கத்தோலிக்கராகிய நமக்கு இது சிறு இழப்பன்று. படைப்பின் பெருமையினின்று படைத்தவரை அறியலாம் என்று சாலமோனின் ஞானம் கற்பிக்கிறது. நீரும் எண்ணெயும் இறையருளின் அடையாளங்கள் ஆகின்றன என நாம் நம்புகிறோம். படைப்புப் பொருள் பொய்ச்சான்று பகருமாயின், அது அருளின் அடையாளமாவது எங்ஙனம்?

காஸின் பிழை பாறையை வாசித்ததில் தொடங்கவில்லை. தொடக்கநூலை வாசித்ததிலேயே தொடங்கியது. முதல் அதிகாரத்தில் ஒளி முதல் நாளிலும் கதிரவன் நான்காம் நாளிலும் தோன்றுகின்றன. விலங்குகளுக்குப் பின்னரே மனிதர் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன் முதலில் உருவாக்கப்படுகிறான். விலங்குகள் பின்னர் வருகின்றன. இவ்விரண்டையும் அருகருகே அமைத்தவர்கள் நாட்குறிப்பு எழுத எண்ணியிருந்தால் இம்முரண்பாட்டை விட்டுவைத்திருப்பார்களா? கதிரவனையும் நிலவையும் தெய்வங்களாக வணங்கிய மக்களிடையே, அவை இறைவன் ஏற்றிய விளக்குகளே என அறிக்கையிடுவதன்றோ முதல் அதிகாரத்தின் நோக்கம்!

இத்தகைய வாசிப்பு புதுமைக்கு இணங்கிப்போகும் சமரசம் அன்று. கதிரவன் தோன்றுமுன் கழிந்த நாள்கள் எத்தகையவை என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புனித அகுஸ்தீனார் தம் தொடக்கநூல் விளக்கவுரையில் வினவினார். இயற்கை குறித்துக் கிறிஸ்தவர் அறியாமையோடு பேசினால் பிறர் மறைநூலையே எள்ளி நகையாடுவர் என்றும் எச்சரித்தார். விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளை ஆராயுமாறு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943-இலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலும் வலியுறுத்தின. பாறை அடுக்குகளை வாசிக்கும் நெறியை 1669-இல் வகுத்த டென்மார்க் நாட்டு ஸ்டீனோ பின்னர் ஆயரானார். 1988-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

காஸின் நூலை அறிவியலாரும் ஏற்கவில்லை, நம்பிக்கையாளரும் ஏற்கவில்லை. அவருடைய மகன் எட்மண்ட், 1907-இல் 'தந்தையும் மகனும்' என்னும் நூலில் அத்தோல்வியை வேதனையோடு நினைவுகூர்ந்தார். தந்தையின் சமயத்தினின்று அவர் விலகிவிட்டார். அந்த ஒரு நூல் மட்டுமே அதற்குக் காரணம் என்பது மிகையாகும். ஆயினும் 'இதை நம்பு, அல்லது அதை நம்பு' என்று பிள்ளையை நெருக்கும் வீட்டிற்கு அதில் ஒரு பாடம் உண்டு.

நம் பிள்ளை வினவும்போது நாம் அஞ்ச வேண்டுவதில்லை. பூமி எவ்வளவு பழையது என்பதைப் பாறை கூறட்டும். அது யாருடையது என்பதைத் திருநூல் கூறட்டும். இரண்டையும் தந்தவர் ஒருவரே. அவர் பொய்யுரைப்பவர் அல்லர்.