முற்றுப்பெறாத வினைகள்: ஃபேஷன் ஒளிப்படங்களில் கதையும் உணர்வும்

ஃபேஷன் ஒளிப்படம் ஆடை அணிகளைக் காட்டி விற்பதற்கென எழுந்த துறை. ஆயினும் 1970களில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த சில படங்கள் விற்பனைப் பொருளைப் பின்தள்ளி, நிகழ்ந்து முடிந்த அல்லது நிகழவிருக்கும் ஏதோ ஒன்றைச் சுட்டி நின்றன. திறனாய்வாளர் இவற்றைத் 'திரைப்படத் தன்மையுடையவை' என்பர். இத்தொடர் ஒளியமைப்பை விளக்குமேயன்றிக் கதை கூறும் முறையை விளக்காது. அதற்கு இலக்கணக் கலைச்சொற்களே மிகுதியும் துணைசெய்யும் எனத் தோன்றுகிறது.

கீ பூர்தேன் (1928–1991) ஷார்ல் ழூர்தான் காலணி நிறுவனத்திற்காக எடுத்த விளம்பரங்களுள் 1975ஆம் ஆண்டுப் படம் ஒன்று பெரிதும் பேசப்பட்டது. தரையில் சுண்ணக்கட்டியால் வரையப்பட்ட மனித உருவின் கோடு, அருகே காலணிகள், ஒரு கார். ஆள் இல்லை. இப்படத்தில் வினைமுற்று இல்லை. 'விழுந்து', 'கிடந்து', 'அகற்றப்பட்டு' என்னும் எச்சங்களே உள்ளன. தமிழ் வினையெச்சம் திணை, பால், எண், இடம் காட்டாது. முற்றை நோக்கி நிற்கும். திரைப்படத்தில் அடுத்துவரும் காட்சி அம்முற்றைத் தந்துவிடும். இங்கோ காண்பவரே அதனைத் தரவேண்டும். துப்பறியும் கதை பழகியவர்க்கு அது எளிது. 'கொல்லப்பட்டாள்' என உடனே முடித்துவிடுவர்.

அவ்வாறு முடிக்கும்போதும் செய்தவன் வருவதில்லை. பெண்ணுக்கு எதிரான வன்முறையைப் பூர்தேன் விலைப்பொருளாக்கினார் என்னும் குற்றச்சாட்டு உண்டு. அது தகுந்ததே என்பது என் கருத்து. கருத்தாவை நீக்கிய செயப்பாட்டுவினையில் கொலை பழியற்ற அழகாகிவிடுகிறது, காலணி எஞ்சுகிறது.

இப்படத்தைத் தமிழில் விவரிக்கப் புகும் மொழிபெயர்ப்பாளர்க்கு மற்றொரு சிக்கல் எழும். 'உடல் கிடந்தது' எனில் அஃறிணையாகும். 'கிடந்தாள்' எனில் படம் சொல்லாது விட்ட பாலைத் தாமே சொன்னவராவார். ஆங்கிலத்தின் இறந்தகால வினைமுற்று பால் காட்டாமையால் அங்கு இத்தெரிவு வினையளவில் எழுவதில்லை. 'உடல் கிடந்த இடம்' எனப் பெயரெச்சத்தால் ஒருவாறு தப்பலாம்.

டெபோரா டர்பெவில் (1932–2013) வேறு வழியினர். 1975 மே மாத அமெரிக்க வோக் இதழில் வெளிவந்த அவருடைய குளியலறைப் படத்தில் நீச்சலுடை அணிந்த ஐந்து பெண்கள், பழைய பொதுக் குளியலறை ஒன்றில் ஒருவரோடொருவர் தொடர்பின்றி நிற்கின்றனர், சாய்கின்றனர். நீச்சலுடைக்கான பக்கம் எனத் தெரிந்திருந்தும், சிலர்க்கு நாஜி வதைமுகாம் நினைவுக்கு வந்தது. வேறு சிலர் போதைக்கு ஆட்பட்டோரைக் கண்டனர். பூர்தேனின் எச்சம் ஒரே முற்றை வேண்டுகிறது. டர்பெவிலின் எச்சம் எம்முற்றையும் ஏற்கிறது.

பட விளக்கக் குறிப்பு பொருளை வரையறுக்கும் என்று ரோலான் பார்த் கருதினார். 1967இல் வெளியான ஃபேஷன் பற்றிய நூலில் அவர் 1958–59 கால இதழ்களின் எழுத்துவடிவ ஆடையையே ஆராய்ந்தார். ஒளிப்படத்திற்குப் பிற்சேர்க்கையளவே இடம் தந்தார். அவர் ஆய்ந்த காலத்து இதழ்களுக்கு அது பொருந்தலாம். குளியலறைப் படத்தில் 'நீச்சலுடை' என்னும் சொல் எதனையும் வரையறுக்கவில்லை.

இனி 'மூட்' என்னும் ஆங்கிலச் சொல். 'மனநிலை' ஒருவர்க்கு உரியது. டர்பெவிலின் படத்தில் உணர்வு இடத்தைப் பற்றியது. 'மெய்ப்பாடு' எனப் பெயர்க்கும் ஆவல் எழலாம். தொல்காப்பியம் கூறும் நகை முதலிய எட்டும் அகவுணர்வு புறத்தே புலப்படுவன. இப்பெண்களின் முகத்திலோ எதுவும் புலப்படவில்லை. ஆங்கிலத்தில் அச்சொல்லே வினையின் ஒரு கூற்றையும் குறிக்கும்; 'நிகழ்ந்திருக்கலாம்' போன்ற ஐயநிலை அதன்பாற்படும். இவ்விருபொருளைத் தமிழில் ஒரு சொல்லால் காட்ட இயலாது. டர்பெவிலுக்குச் 'சூழலுணர்வு' ஓரளவு பொருந்தும். பூர்தேனுக்குப் பொருந்தாது, அங்கே சூழல் இல்லை, தடயம் மட்டுமே உண்டு.