ஒற்றன்! – அசோகமித்திரனின் அயோவா நாவல்

ஒற்றன்! அசோகமித்திரன் எழுதிய நாவல். 1985-ல் நூலாக வெளிவந்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் நடத்தும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தில் 1973-74-ல் அவர் பங்கேற்ற அனுபவம் இதன் அடிப்படை. பயண அனுபவ நூல் என்றும் தனிக்கதைகளின் தொகுப்பு என்றும் கொள்ள இடமளிக்கும் வடிவம் கொண்டது. எழுத்தாளன் என்ற அடையாளம் செல்லுபடியாகாத ஓரிடத்தில் எழுத்தாளன் யாராக எஞ்சுகிறான் என்பதே இதன் மையக்கேள்வி.

பின்னணி

அசோகமித்திரன் (ஜ. தியாகராஜன், 1931-2017) செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தையின் மறைவுக்குப் பின் 1952-ல் சென்னைக்கு வந்து எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றினார். 1966-ல் அவ்வேலையிலிருந்து விலகியபின் எழுத்தையே முதன்மையாக நம்பி வாழ்ந்தார். கணையாழி இதழின் ஆசிரியப் பொறுப்பிலும் இருந்தார். அயோவாவுக்குச் சென்றபோது கரைந்த நிழல்கள், தண்ணீர் ஆகிய நாவல்களை எழுதியிருந்தார்.

சர்வதேச எழுத்தாளர் திட்டத்தைக் கவிஞர் பால் எங்கிளும் சீன எழுத்தாளர் நியே ஹுவாலிங்கும் 1967-ல் தொடங்கினர். பல நாடுகளின் எழுத்தாளர்களை ஒரே ஊரில் சில மாதங்கள் தங்கவைத்து, எழுதவும் உரையாடவும் வாய்ப்பளிப்பது அதன் நோக்கம்.

பயண இலக்கியத்திலிருந்து விலகல்

தமிழில் வெளிநாட்டுப் பயண எழுத்துக்கு வலுவான மரபு உண்டு. ஏ.கே. செட்டியாரின் நூல்கள் அதற்கு அடித்தளமிட்டன. தி. ஜானகிராமன் ஜப்பான் பயணத்தை உதய சூரியன் என்ற நூலாக எழுதினார். இவ்வகை நூல்கள் தாம் கண்ட நாட்டை வாசகருக்குக் காட்டுபவை. ஒற்றன்! அப்படி எதையும் காட்ட முற்படுவதில்லை. அமெரிக்கா இதில் குளிராகவும் கடையாகவும் பேருந்தாகவும் தங்குமிடமாகவும் மட்டுமே வருகிறது. ஆசிரியரின் சாயல் கொண்ட கதைசொல்லி வியப்பதுமில்லை, கண்டிப்பதுமில்லை. அவரது கவனம் முழுக்க உடன் தங்கியிருக்கும் எழுத்தாளர்கள் மேல் இருக்கிறது.

சக எழுத்தாளர்கள்

அங்கு கூடியவர்கள் எல்லோரும் தத்தம் மொழியில் எழுதுபவர்கள். ஆனால் மொழிபெயர்ப்பில் கிடைப்பதைத் தவிர ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க வழியில்லை. எனவே சொந்த ஊரில் ஒருவருக்கு இருக்கும் பெயரும் மதிப்பும் அங்கே பொருளற்றுப்போகின்றன. சமையல், தனிமை, கோபம், வீட்டு நினைவு ஆகியவற்றின் வழியாகவே ஒருவரை ஒருவர் அறிகிறார்கள். சாதாரண மனிதரின் சிறிய சங்கடங்களை எழுதிவந்த அசோகமித்திரனுக்கு இச்சூழல் மிகப் பொருத்தமான களமாக அமைந்தது.

எத்தியோப்பிய எழுத்தாளர் அபே குபேக்னா இந்நாவலின் மறக்கமுடியாத பாத்திரங்களில் ஒருவர். அவருடைய நாவல் ஒன்று சொந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. 1974 செப்டம்பரில் பேரரசர் ஹெய்லி செலாசி பதவியிறக்கப்பட்டார். அத்தகைய கொந்தளிப்பின் விளிம்பில் இருந்த நாட்டிலிருந்து வந்தவர் அவர். கதைசொல்லிக்கும் அவருக்குமிடையே நட்பும் உரசலும் உண்டு. அசோகமித்திரன் அதை அரசியலாக விளக்குவதில்லை. அருகருகே வாழ நேர்ந்த இரு மனிதர்களின் உறவாகவே எழுதுகிறார்.

பெரு நாட்டைச் சேர்ந்த பிராவோ தன் நாவலை முன்கூட்டியே ஒரு பெரிய வரைபடமாகத் திட்டமிடுபவர். ஒற்றன்! இதற்கு நேர் எதிரான முறையில் அமைந்தது. இதன் அத்தியாயங்கள் தனித்தனியே நிற்கக்கூடியவை. அவற்றை இணைப்பது கதைத்திட்டம் அல்ல, பார்ப்பவரின் மாறாத தொனி. அவ்வகையில் நாவல் எழுதும் முறை பற்றிய ஒரு விவாதமும் இந்நூலுக்குள் ஓசையின்றி நடக்கிறது.

தலைப்பு

பிறர் நடுவே அவர்களில் ஒருவனாக இருந்துகொண்டே கவனித்துக்கொண்டிருப்பவன் ஒற்றன். எழுத்தாளனின் வேலையும் அதுவே. ஒற்றன் தகவலை ஓர் அரசிடம் ஒப்படைக்கிறான். இக்கதைசொல்லிக்கு அப்படி எஜமான் யாருமில்லை. ஆச்சரியக்குறி அச்சொல்லின் கடுமையைக் குறைத்து, அதை ஒரு சுயகேலியாக மாற்றுகிறது. என். கல்யாண்ராமன் இந்நாவலை 'மோல்!' என்ற பெயரில் ஆங்கிலத்தில் மொழியாக்கம் செய்தார்.

மதிப்பீடு

நாவலின் குறையாகச் சொல்லத்தக்கது, கதைசொல்லியின் விலகல் சில இடங்களில் தவிர்ப்பாகத் தோன்றுவது. 1973 செப்டம்பரில் சிலியில் ராணுவப் புரட்சி நடந்தது. அமெரிக்காவில் வாட்டர்கேட் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. பல நாட்டு எழுத்தாளர்கள் கூடிய இடத்தைப் பற்றிய நாவலில் இவை உரத்து ஒலிப்பதில்லை. கதைசொல்லியின் நாகரிகம் சில உறவுகளை, குறிப்பாகப் பெண்களுடனானவற்றை, பாதியிலேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால் இதே அடக்கம்தான் நாவலின் வலிமையும். பயணத்துக்கும் நூலுக்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அந்த இடைவெளியில் தகவல்கள் உதிர்ந்து மனிதர்கள் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். அசோகமித்திரனை வாசிக்கத் தொடங்கும் மாணவர்கள் தண்ணீர், பதினெட்டாவது அட்சக்கோடு ஆகியவற்றுக்குப் பின் இந்நாவலுக்கு வரலாம். சென்னைத் தெருக்களில் அவர் கண்ட அதே மனிதர்களை, வேறு பெயர்களில், அயோவாவிலும் அவர் கண்டிருப்பதை உணரமுடியும்.